மூட்டுவலிக்கு மருந்து டப்பாவிலா, தட்டிலா?

ஹெப்பகோடியில் விடியற்காலை என்பது நாய்களின் வேளை. ஓசூர் சாலையில் ஆலைப் பேருந்துகளின் ஓட்டம் தொடங்கும் முன்பே அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாயில்கள் திறக்கின்றன. வெளியே வருவோரில் பலருடைய கையில் ஒரு வார் இருக்கின்றது. வாரின் மறுமுனையில் பெரும்பாலும் ஒரு லேப்ரடார். மின்னணு நகரத்தில் வேலை கிடைத்த மகிழ்ச்சியில் பிள்ளைகள் வாங்கி வளர்த்த குட்டிகள் அவை. பிள்ளைகள் பின்னர் கடல் கடந்து சென்றுவிட்டனர். வாரைப் பிடித்து நடப்பவர்கள் என்னைப் போன்ற, ஓய்வு பெற்ற பெற்றோர்.

மணி எங்களிடம் வந்ததும் அவ்வாறே. வரும்போது அவனுக்கு வயது நான்கு, இப்போது ஒன்பது. எங்கள் வீட்டில் அவனை எவரும் ‘அது’ என்று சொல்வதில்லை. ஆகவே இக்கட்டுரையிலும் அவன் ‘அவன்’தான், இலக்கணம் அறிந்த வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

சென்ற மார்கழியில் ஒரு காலைப்பொழுது. கூடத்தின் பளிங்கு போன்ற தரையில் படுத்திருந்தவன் எழ முயன்றான். முன்னங்கால்கள் ஊன்றின, பின்னங்கால்கள் இரு பக்கமும் வழுக்கிச் சென்றன. மறுபடியும் முயன்றான், மறுபடியும் வழுக்கினான். மூன்றாம் முறை முயலவில்லை. தலையைத் தரையில் வைத்துக்கொண்டு என் மனைவியைப் பார்த்தான். “என்னங்க, இவனால எழுந்திருக்க முடியல” என்று அவள் அழைத்த குரலில் இருந்த கலக்கம் இன்றும் என் காதில் இருக்கின்றது.

அன்று மாலையே செல்லப்பிராணிகளுக்கான கடை ஒன்றிற்குச் சென்றேன். ‘முற்றிலும் இயற்கையானது’ என்ற வாசகத்துடன் ஒரு டப்பா கிடைத்தது. அடுத்த மாதம் கடைக்காரர் இன்னொன்றைப் பரிந்துரைத்தார். மூன்று மாதங்களில் எங்கள் அலமாரியில் நான்கு டப்பாக்கள் சேர்ந்தன: குளுக்கோசமைனும் காண்ட்ராய்டினும் கலந்த மாத்திரை, மஞ்சளும் மிளகும் சேர்ந்த மென்வில்லை, சல்லகித் தூள், கொலாஜன் தூள். வங்கிக் கணக்கின் பரிவர்த்தனைப் பட்டியலை ஒரு நாள் பொறுமையாகக் கூட்டிப் பார்த்தபோதுதான், மாதம் 3,000 ரூபாய்க்கு மேல் இதற்கெனப் போய்க்கொண்டிருப்பது தெரிந்தது. மணி நன்றாக இருக்கிறானா என்று யாரேனும் கேட்டால், “முன்னைக்கு இப்போது பரவாயில்லை” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மையா என்பதை நான் அளந்து பார்க்கவில்லை.

அளந்து பார்த்தவர் கால்நடை மருத்துவர். இடுப்பு மூட்டுகளை மெல்ல மடக்கியும் நீட்டியும் பார்த்தார். ஊடுகதிர்ப் படம் எடுத்தார். பிறகு அவனை எடைமேடையில் நிறுத்தினார். 38.4 கிலோ. “சார், இவனுக்கு 32 கிலோ போதும். மிச்சம் ஆறு கிலோவையும் அந்த நோகிற கால்தான் தூக்கிட்டு நடக்குது” என்றார். நான் டப்பாக்களின் பெயர்களைச் சொல்லத் தொடங்கினேன். அவர் கையசைத்து நிறுத்திவிட்டு, “அது கிடக்கட்டும். காலையில என்ன சாப்பிடறான்?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பின்னர் நான் படித்தறிந்தவற்றைத்தான் இங்கே எழுதுகின்றேன். நான் மருத்துவன் அல்லன். ஆனால் முதிய நாயோடு வாழும் வாசகர் பலர் இதே அலமாரியை வைத்திருக்கக்கூடும்.

மூட்டில் நடப்பது என்ன?

எலும்பும் எலும்பும் சந்திக்கும் இடத்தில் வழுவழுப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கின்றது. அது தேயத் தொடங்கும்போது மூட்டின் உள்ளுறை அழற்சியுறுகின்றது. அழற்சி மேலும் தேய்மானத்தை வளர்க்கின்றது. ஓரங்களில் புதிய எலும்பு முளைகள் தோன்றி அசைவைக் குறைக்கின்றன. மனிதரின் முழங்காலில் நிகழ்வதும் இதுவே. லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற பெரிய இனங்களில் இடுப்பெலும்புக் கிண்ணமும் தொடையெலும்பின் தலையும் வளரும் பருவத்திலேயே சரியாகப் பொருந்தாமல் போவது மிகுதி. ஆதலால் அவற்றிற்குத் தொல்லை சீக்கிரம் வருகின்றது.

நாய் நொண்டினால்தான் நோய் என்று எண்ணிவிடக் கூடாது. எழுந்த முதல் சில அடிகளில் விறைப்பு, படியேறத் தயக்கம், காரில் தாவ மறுத்தல், ஒரே மூட்டை ஓயாமல் நக்குதல், பின்புறம் தொட்டால் சீறுதல் ஆகியவை எல்லாம் வலியின் மொழி. “வயசாயிட்டுது, அதான் மந்தம்” என்று நாம் சொல்லும் மந்தத்தில் பாதி, சொல்லத் தெரியாத வலியாக இருக்கலாம்.

தேய்ந்த குருத்தெலும்பை மீண்டும் வளர்த்துத் தரும் உணவோ மூலிகையோ இதுவரை இல்லை. துணையுணவுகளிடம் நாம் கேட்கக்கூடியது அழற்சியும் வலியும் குறையுமா என்ற ஒன்றுதான். அக்கேள்வியோடு டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறப்போம்.

டப்பாக்களின் கணக்கு

முதலில் எல்லோரும் வாங்கும் குளுக்கோசமைன். நண்டு, இறால் ஆகியவற்றின் ஓடுகளிலிருந்து பெறப்படும் இப்பொருள் குருத்தெலும்பின் கட்டுமானத்திலும் இருப்பதால், அதை உண்டால் மூட்டிற்குப் போய்ச் சேரும் என்ற எண்ணம் இயல்பாகவே எழுகின்றது. தலைமுடி உண்டால் தலைமுடி வளரும் என்பது போன்ற தருக்கம் அது என்று சொன்னால் சிலர் வருந்துவர். எனினும் சான்றுகள் அந்தப் பக்கமே சாய்கின்றன. கனடாவின் மாண்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022ஆம் ஆண்டு, நாய் பூனைகளின் மூட்டுத் தேய்மானத்திற்கான உணவுகள், துணையுணவுகள் பற்றிய 57 ஆய்வுக் கட்டுரைகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தனர். குளுக்கோசமைன்–காண்ட்ராய்டின் இணைக்குப் பயன் ஏதும் காணப்படவில்லை என்றும், வலிக்காக அதனை இனிப் பரிந்துரைக்க வேண்டியதில்லை என்றும் வெளிப்படையாகவே எழுதினர். கொலாஜனுக்கு வலுக்குறைந்த ஆதரவே கிடைத்தது. மிகத் தெளிவான பயன் காட்டியது ஒமேகா-3 கொழுப்பு அமிலம். அதற்குப் பின்னர் வருவோம்.

மஞ்சளைப் பற்றிப் பேசும்போது தமிழ் மனம் நடுநிலை வகிப்பது கடினம். வெட்டுக்காயத்திற்கு மஞ்சள், சளிக்கு மஞ்சள், மூட்டிற்கு மட்டும் ஏன் கூடாது? அழற்சியைத் தணிக்கும் ஆற்றல் அதிலுள்ள குர்குமினுக்கு ஆய்வுக்கூடக் குடுவையில் உண்டு என்பது மெய். இடையூறு வேறிடத்தில் இருக்கின்றது. உண்ட குர்குமினில் மிகச் சிறு பகுதியே குடலிலிருந்து இரத்தத்தில் கலக்கின்றது. பிரிட்டனில் மூட்டுத் தேய்மானமுற்ற நாய்களுக்கு மஞ்சள் சாறு கொடுத்துப் பார்த்த ஆய்வு 2003இல் வெளிவந்தது. சோதித்த மருத்துவர்களின் மதிப்பீட்டில் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் நடக்கும்போது ஒவ்வொரு காலும் தரையில் எவ்வளவு விசையுடன் ஊன்றுகின்றது என்பதை அளக்கும் விசைத்தட்டில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. கண் ஒன்று சொல்ல, கருவி வேறு சொன்னது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் இங்கு வருவோம்.

சல்லகி என்பது பாஸ்வெல்லியா செராட்டா என்னும் மரத்தின் பிசின். சாம்பிராணி வகையைச் சேர்ந்தது. சுவிட்சர்லாந்தில் 29 நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2004இல் நல்ல விளைவைத் தெரிவித்தது. ஆயினும் அதில் மருந்தில்லாத ஒப்பீட்டுக் குழு எதுவும் இல்லை. ஆகவே நம்பிக்கை தரும் தொடக்கம் என்று சொல்லலாமே தவிர, முடிவு என்று சொல்ல இயலாது.

எங்கள் வீட்டு விவாதத்தில் முதலிடம் பிடித்தது பிரண்டை. கிருஷ்ணகிரியிலிருந்து வந்த என் மாமியார் ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தார். “எலும்பு ஒட்டுற கொடிப்பா இது, நாய்க்கும் எலும்புதானே?” என்றார். கன்னடத்தில் மங்கரவள்ளி என்று இதனைச் சொல்கின்றனர். வேலியோரங்களில் இப்பகுதியிலும் படர்ந்திருக்கக் காணலாம். அவர் சொன்னதில் ஓரளவு நியாயம் உண்டு. எலும்பு முறிந்த நாய்களுக்குப் பிரண்டை கொடுத்தபோது முறிவு விரைந்து கூடியது என்று அசாமைச் சேர்ந்த கால்நடை ஆய்வாளர்கள் 1994இல் ‘இந்திய மருந்தியல் இதழில்’ எழுதியுள்ளனர். ஆனால் முறிந்த எலும்பு வேறு. தேய்ந்த மூட்டு வேறு. பச்சைப் பிரண்டையில் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உள்ளன. வாயும் தொண்டையும் அரிக்கும். அதனால்தான் நம் முன்னோர் எண்ணெயில் வதக்கிப் புளி சேர்த்துத் துவையலாக அரைத்தனர். புளியும் காரமும் உப்பும் சேர்ந்த துவையல் நாய்க்கு ஆகாது. அரிக்கும் பச்சைக்கொடியும் ஆகாது. மாமியார் கொண்டுவந்த பிரண்டை முழுவதும் எங்கள் இருவர் தட்டிற்கே வந்தது. குறையொன்றும் இல்லை.

பச்சை உதட்டுச் சிப்பி என்ற ஒன்றும் சந்தையில் புகழ் பெற்றது. நியூசிலாந்துக் கடற்கரையில் விளைவது. சில ஆய்வுகள் பயன் கண்டன. வேறு சில காணவில்லை. நம் நாட்டிலும் இதற்கு ஓர் உறவினர் உண்டு. கேரளத்தில் வறுத்துண்ணும் கல்லுமேக்காய் அச்சிப்பிக் குடும்பமே. அதிலிருந்து கொச்சியின் மத்தியக் கடல்மீன் வள ஆராய்ச்சி நிறுவனம் மூட்டுவலிக்கென ஒரு சாற்றுக் குளிகையை ‘கடல்மின்’ என்ற பெயரில் உருவாக்கியது. அது மனிதருக்கானது. நாய்க்கு எவ்வளவு என்ற அளவு அதன் உறையில் இராது.

கொலாஜன் என்றதும் ஓர் உள்ளூர்ச் செய்தி நினைவுக்கு வருகின்றது. இயற்கைப் பொருளைப் பிரித்தெடுத்து விற்கும் தொழில் எங்கள் பகுதிக்குப் புதிதன்று. வீரசந்திரா தொழிற்பேட்டையில் மூலிகைக் கால்நடை மருந்துகள் செய்யும் நிறுவனமே உள்ளது. 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மெட்ரோ மஞ்சள் தடத்தில் எங்கள் நிலையம் பயோகான் நிறுவனத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. இன்சுலின் வரை வளர்ந்த அந்நிறுவனம் 1978இல் ஒரு கார்க் கொட்டகையில் தொடங்கியபோது செய்த பொருள்கள் இரண்டு: ஒன்று பப்பாளிப் பாலிலிருந்து எடுக்கும் பப்பைன்; மற்றது மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசின்கிளாஸ். அந்த ஐசின்கிளாஸ் ஒருவகைக் கொலாஜன்தான். நாய்களின் மூட்டிற்காக அன்று. பியர் மதுவைத் தெளிய வைப்பதற்காக ஏற்றுமதியானது. இயற்கைப் பொருள் ஒன்று எதற்கு உதவும் என்பதை, அதன் பெயரை வைத்தன்றிச் சோதனையை வைத்தே முடிவு செய்தனர்.

இயற்கையான எண்ணெயும் எளிய கணக்கும்

இப்போது ஒமேகா-3. மத்தி, கானாங்கெளுத்தி போன்ற கொழுப்புள்ள கடல்மீன்களில் இபிஏ, டிஹெச்ஏ என்னும் இரு கொழுப்பு அமிலங்கள் உள்ளன. அழற்சியைத் தூண்டும் பொருள்கள் உடலில் உருவாவதை இவை குறைக்கின்றன. அமெரிக்காவில் 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வில் மூட்டுத் தேய்மானமுள்ள நாய்களுக்கு 90 நாள்கள் மீனெண்ணெய் மிகுந்த உணவு தரப்பட்டது. அவற்றில் 82 விழுக்காட்டு நாய்கள் விசைத்தட்டில் முன்னைவிட வலுவாகக் கால் ஊன்றின. வழக்கமான உணவு உண்டவற்றில் அவ்வாறு ஊன்றியவை 38 விழுக்காடு. இங்கே கருவியே சாட்சி சொன்னது.

ஆனால் அளவு முக்கியம். டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தின் ஜான் பாவர் 2011இல் வெளியிட்ட பரிந்துரையின்படி கணக்கிட்டால், 30 கிலோ எடையுள்ள நாய்க்கு இபிஏ, டிஹெச்ஏ இரண்டும் சேர்ந்து நாள்தோறும் ஏறத்தாழ 4 கிராம் வேண்டும். கடையில் விற்கும் சாதாரண மீனெண்ணெய்க் குளிகையின் முகப்பில் ‘1,000 மில்லிகிராம்’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். அது எண்ணெயின் மொத்த எடை. உறையின் பின்புறத்தில், சிறிய எழுத்தில், இபிஏ 180, டிஹெச்ஏ 120 என்று காணப்படும். நமக்கு வேண்டிய சரக்கு 300 மில்லிகிராம்தான். 4 கிராம் சேர வேண்டுமானால் 13 குளிகைகள்! நாளைக்கு ஒன்று கொடுத்துவிட்டு, “மீனெண்ணெய் கொடுத்தும் பயனில்லை” என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. கடன் பத்திரத்தின் சிறிய எழுத்துகளைப் படிக்கும் பழக்கமுள்ளவர்கள்கூட டப்பாவின் பின்புறத்தைப் படிப்பதில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. 13 குளிகைகள் என்றால் 13 கிராம் கொழுப்பு. கிராமுக்கு 9 கலோரி வீதம் 117 கலோரி. இரண்டரைத் தேக்கரண்டி நெய்க்குச் சமம். அதனை உணவில் கழிக்காவிட்டால் எண்ணெயே எடையாக மாறி, குணப்படுத்த வந்த மூட்டின் மேலேயே ஏறி உட்காரும். செறிவூட்டிய வகை வாங்கினால் எண்ணிக்கையும் கலோரியும் குறையும். மேலும், 4 கிராம் என்பது பாதுகாப்பான மேல்வரம்பிற்கு மிக அருகில் உள்ள அளவு. வயிற்றுப்போக்கு வரலாம்; இரத்தம் உறைவது தாமதமாகலாம். கால் பங்கில் தொடங்கிச் சில வாரங்களில் உயர்த்துவதும், அறுவைச் சிகிச்சைக்கு முன் நிறுத்துவதும் மருத்துவர் சொற்படியே நடக்க வேண்டியவை.

மீனெண்ணெய் வேறு, மீன் ஈரல் எண்ணெய் வேறு என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பல தமிழ் வீடுகளில் பிள்ளைகளுக்குக் கொடுத்து வளர்த்த மஞ்சள் நிற ‘மீன் மாத்திரை’ ஈரல் எண்ணெய். அதில் வைட்டமின் ஏ, டி மிகுதி. மூட்டிற்கு வேண்டிய அளவு ஒமேகா-3 கிடைக்கும் மட்டும் அதனைக் கொடுத்தால் அவ்விரு வைட்டமின்களும் நஞ்சாகும் அளவை எட்டிவிடக்கூடும்.

குளிகை வேண்டாம் என்போர் மீனையே கொடுக்கலாம். 100 கிராம் மத்தியில் ஏறத்தாழ 1 கிராமோ சற்று மேலோ இக்கொழுப்பு அமிலங்கள் இருக்கும்; பருவத்திற்கேற்ப மாறும். உப்பும் மிளகாயும் இல்லாமல் வேகவைத்து, முள் நீக்கித் தர வேண்டும். சைவ வீடுகளில் ஆளிவிதை எண்ணெய் போதுமா என்று கேட்கின்றனர். போதாது; அதிலுள்ள ஒமேகா-3ஐ இபிஏ, டிஹெச்ஏ ஆக மாற்றும் திறன் நாயின் உடலுக்கு மிகக் குறைவு. கடற்பாசி எண்ணெய் உண்டு, விலைதான் கூடுதல்.

நம் கண்ணை நம்பலாமா?

நான் மூன்று மாதங்கள் “பரவாயில்லை” என்று சொல்லிக்கொண்டிருந்ததற்கு ஒரு பெயர் இருப்பதைப் பின்னர் அறிந்தேன். 2012இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவ இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, மருந்தில்லாத போலி மாத்திரை கொடுக்கப்பட்ட நாய்களை மட்டும் எடுத்துப் பார்த்தது. விசைத்தட்டில் அவற்றின் நடையில் மாற்றமில்லை. உரிமையாளர்களிலோ பாதிக்கும் மேற்பட்டோர் நாய் தேறிவிட்டதாகத் தெரிவித்தனர். கால்நடை மருத்துவர்களும் இம்மயக்கத்திலிருந்து தப்பவில்லை. அன்பு, பார்வையைச் சாய்த்துவிடுகின்றது. மூட்டுவலி ஏறியும் இறங்கியும் வரும் இயல்புடையது என்பதும் ஒரு காரணம். மோசமான நாளில் டப்பா வாங்குகின்றோம், இயல்பாகவே இறங்கும் நாளில் டப்பாவிற்கு நன்றி சொல்கின்றோம்.

மருத்துவர் சொன்ன வழி எளியது. கைப்பேசியில் படம் பிடியுங்கள்: படுக்கையிலிருந்து எழுவது, ஒரே படிக்கட்டில் ஏறுவது, ஒரே தெருவில் 20 அடி நடப்பது. புதிய மருந்து எதையும் தொடங்கும் முன் ஒருமுறை, எட்டு வாரம் கழித்து ஒருமுறை. ஒரு நேரத்தில் ஒரே பொருளை மட்டும் மாற்றுங்கள். நான் நான்கு டப்பாக்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் திறந்ததில், ஏதேனும் ஒன்று உதவியிருந்தாலும் எது என்று சொல்ல எனக்கு வழியில்லை.

தட்டிலிருந்து தொடங்கிய மருத்துவம்

இனி அந்த ஆறு கிலோ. இத்துறையில் மிகப் பெரிய சான்று ஒரு நாயுணவு நிறுவனத்திடமிருந்தே வந்தது என்பது சுவையான முரண். பியூரினா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 48 லேப்ரடார் குட்டிகளை, ஒரே ஈற்றில் பிறந்த இருவர் இருவராக 24 இணைகளாக்கினர். இணையில் ஒன்றிற்கு வழக்கமான உணவு. மற்றதற்கு அதில் கால்பங்கு குறைவு. வாழ்நாள் முழுவதும் அவ்வாறே. 2002இல் முடிவு வெளிவந்தது. குறைவாக உண்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டுகள், மற்றவற்றிற்கு 11.2 ஆண்டுகள். பாதி நாய்களுக்கு மூட்டுத் தேய்மானத்திற்கான தொடர் சிகிச்சை தேவைப்பட்ட வயது, ஒரு குழுவில் 10.3, மெலிந்த குழுவில் 13.3. மூன்று ஆண்டுகள்! எந்த டப்பாவின் மேலும் இப்படி ஓர் எண்ணை நான் பார்த்ததில்லை.

ஏற்கெனவே நோய் வந்த நாய்க்கும் பயன் உண்டு. பருமனான, நொண்டும் நாய்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2010இல் வெளிவந்த ஆய்வொன்று, உடல் எடையில் 6 விழுக்காடு சற்றுக் கூடக் குறைந்ததுமே நொண்டல் அளவிடத்தக்க வகையில் குறைவதைக் காட்டியது. மணிக்கு அது 2.3 கிலோ.

சொல்வது எளிது. லேப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றிற்கு, பசி அடங்கியதை மூளைக்கு உணர்த்தும் மரபணுவில் ஒரு துண்டு இல்லை என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல் கண்டறிந்தனர். அவை பேராசை கொண்டவை அல்ல, உண்மையாகவே பசிப்பவை. மணியின் கண்களைப் பார்த்தபடி உண்பது எத்தனை கடினம் என்பதை என் மனைவி அறிவாள்.

நாங்கள் இருவரும் தனித்தனியே ஒரு வாரம் எழுதி வைத்தோம். அவனுக்கென வைக்கும் உணவில் பிழையில்லை. பிழை அதற்கு வெளியே இருந்தது. காலைக் காபியுடன் எனக்கு இரண்டு, அவனுக்கு மூன்று மேரி பிஸ்கட். அவள் கொடுக்கும் ஒரு இட்லி, நான் அறியாமல். நான் கொடுக்கும் இன்னொரு இட்லி, அவள் அறியாமல். தயிர்சாதத்தின் கடைசி உருண்டை. சோற்றின் மேல் ‘மூட்டுக்கு நல்லது’ என்று ஒரு கரண்டி நெய். மாலையில் காவலாளியின் அன்பளிப்பாக ஒரு பன். கூட்டினால் அவனுடைய ஒரு நாள் தேவையில் மூன்றில் ஒரு பங்கை நெருங்கியது.

இப்போது உலர் உணவைச் சமையல் தராசில் நிறுத்து வைக்கின்றோம். பிஸ்கட்டிற்குப் பதில் வெள்ளரி, வேகவைத்த பீன்ஸ், கேரட். வாரத்திற்கு உடல் எடையில் 1 விழுக்காட்டிற்கு மேல் குறைக்க வேண்டாம் என்பது மருத்துவரின் கட்டளை. பட்டினி போடுவது எடைக்குறைப்பு ஆகாது.

தராசு இல்லாதவர்கள் நாயின் விலாவைத் தடவிப் பார்க்கலாம். உங்கள் கையை நீட்டிப் புறங்கையின் முட்டிகளைத் தடவுங்கள். விலா அப்படித் தட்டுப்பட்டால் அளவான உடல். உள்ளங்கையைத் தடவுவது போல எலும்பு தேட வேண்டியிருந்தால் பருமன். முட்டியை மடக்கித் தடவுவது போல் துருத்தினால் மெலிவு. சிப்பிப்பாறை, இராஜபாளையம், முதோள் நாய்களை வளர்ப்போர் மட்டும் இதில் சற்று விலக்குப் பெறுவர். அவற்றின் மெலிந்த உடலே இயல்பு. “எலும்பு தெரிகிறதே, சோறு போடக் கூடாதா?” என்று அண்டை வீட்டார் கேட்டால் புன்னகைத்துவிட்டு நடக்கலாம்.

செய்யக் கூடாதவை சில

‘இயற்கை’ என்ற சொல்லுக்குப் பாதுகாப்பு என்று பொருள் இல்லை. மூட்டுவலிக்கென விற்கப்பட்ட, இயற்கையானது எனச் சொல்லப்பட்ட ஒரு துணையுணவில், உறையில் குறிப்பிடாத டைக்ளோஃபினாக்கும் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டும் இருந்ததை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022இல் எச்சரித்தது. அது மனிதருக்கான பொருள். எனினும் மூன்றே நாளில் துள்ளி ஓட வைக்கும் தூளைக் கண்டால் நாயின் பொருட்டும் மகிழ்வதற்கு முன் ஐயுற வேண்டும்.

நம் மருந்துப் பெட்டியிலுள்ள வலி மாத்திரையை நாய்க்குக் கொடுப்பது பெருந்தவறு. இப்யூபுரோஃபென், டைக்ளோஃபினாக் முதலியவை நாயின் வயிற்றில் புண்ணை உண்டாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் கொடுப்பதை இந்தியா 2006இல் தடை செய்தது, அம்மருந்து தங்கிய மாட்டின் உடலைத் தின்ற கழுகுகள் கூட்டங்கூட்டமாய் மடிந்ததால். ஓர் உயிருக்குப் பழகிய மருந்து மற்றோர் உயிருக்கு என்ன செய்யும் என்பதற்கு அதைவிடப் பெரிய பாடம் வேண்டுமா? நாய்களுக்கெனவே வலிமருந்துகள் உள்ளன. கால்நடை மருத்துவர் எடை பார்த்து, இரத்தப் பரிசோதனை பார்த்துத் தருவார். வலி மிகும்போது அதனைத் தவிர்த்து மூலிகையில் காலம் கடத்துவது நாய்க்குச் செய்யும் நன்மை அன்று.

ஆட்டுக்கால் சூப் பற்றியும் கேட்கின்றனர். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை; நம் சூப்பில் அவை இல்லாமல் இருப்பதில்லை. வெறும் நீரில் வேகவைத்துக் கொழுப்பை எடுத்துவிட்டுச் சிறிது கொடுத்தால் தீங்கில்லை. வெந்த எலும்பை மட்டும் கொடுக்க வேண்டாம். அது கூராக உடைந்து குடலைக் கிழிக்கும்.

செலவு பற்றி இரு வார்த்தை. சில பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் நாய்களுக்கும் காப்பீடு வழங்குகின்றன. நுழைவு வயதிற்கு வரம்பு உண்டு. ஏற்கெனவே வந்துவிட்ட நோய்க்குப் பொதுவாக இழப்பீடு கிடையாது. ஆகவே மணி போன்ற முதியவர்க்கு அது காலங்கடந்த வழி. டப்பாக்களில் மூன்றை நிறுத்திய பிறகு மிச்சமான தொகையிலிருந்து மாதம் 2,000 ரூபாயை ஒரு தொடர் வைப்பில் போடத் தொடங்கினேன். ஊடுகதிர்ப் படத்திற்கும் இரத்தப் பரிசோதனைக்கும் அது உதவும்.

வீட்டில் நாங்கள் செய்த மாற்றங்களில் மிகக் குறைந்த செலவுடையது தரைவிரிப்பு. வழுக்கும் ஓடுகளின் மேல், அவன் படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரையிலும் வாசல் வரையிலும், அடியில் ரப்பர் ஒட்டிய விரிப்புகளைப் பாதை போல் போட்டோம். நகங்களை வெட்டினோம். நீண்ட ஒரு நடைக்குப் பதில் பத்துப் பத்து நிமிடமாக மூன்று நடை. எழும்போது வழுக்குவது அன்றே நின்றது. அதற்கு மருந்து எதுவும் காரணமில்லை, தரைதான்.

பத்து வாரங்களுக்குப் பின்னர் மணியின் எடை 36 கிலோ. கைப்பேசியில் இரு படங்களையும் அடுத்தடுத்து ஓடவிட்டுப் பார்த்தோம். முதல் படத்தில் படிக்கட்டின் ஐந்து படிகளை ஏற அவன் இருமுறை நின்றிருந்தான், இரண்டாவதில் நிற்கவில்லை. பின்னங்கால்களை இன்னும் முயல் போலச் சேர்த்தே எடுத்து வைக்கின்றான், நோய் போய்விடவில்லை. மீனெண்ணெயை அடுத்த எட்டு வாரங்களுக்கு மருத்துவர் தொடரச் சொல்லியிருக்கின்றார். குளுக்கோசமைன் டப்பாவிலிருந்த சிறு கரண்டி மட்டும் எங்கள் சமையலறையில் மிஞ்சியிருக்கின்றது. அதில் தலைதட்டி எடுத்தால் உலர் உணவு சரியாக 20 கிராம் கொள்கின்றது. காலையில் அவனுக்கு அதுபோல் ஏழு கரண்டி.